முடிவு தெரிந்த கதையை ஏன் பார்க்க வேண்டும்?

'தி டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' 2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பத்து அத்தியாயங்கள், பத்தையும் இயக்கியவர் லூயி லெட்டெரியர். திரையில் ஒரு மனித முகம்கூட கிடையாது, முழுக்கப் பாவைகள். விமர்சகர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பாராட்டினார்கள். பார்த்த ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2020 செப்டம்பரில் சிறந்த சிறுவர் நிகழ்ச்சிக்கான எம்மி விருது கிடைத்தது. அதே செப்டம்பரில், இரண்டாம் பருவம் இல்லை என்ற செய்தியும் வந்தது.

நம்ம ஊர் வாசகர்களில் இதைப் பார்த்தவர்கள் குறைவு. 'பொம்ம படமா?' என்று கேட்டுவிட்டுக் கடந்து போனவர்களே நான் அறிந்த வட்டத்தில் அதிகம். ஆனால் இந்தத் தொடருக்குக் கிடைத்த பாராட்டும் குறையும் நாம் இலக்கியத்தைப் பற்றி அடிக்கடி சண்டை போடும் சில விஷயங்களைத் தொட்டுப் போகின்றன. ஒரு கலைப்படைப்பைப் பார்வையாளன் எப்படிப் பார்க்கிறான்? முடிவு தெரிந்த கதைக்கு என்ன மதிப்பு? ஒருவருமே பார்க்காவிட்டால் அந்தக் கலை எதற்கு? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் இங்கே பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1982-இல் ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஓஸும் சேர்ந்து 'தி டார்க் கிரிஸ்டல்' என்ற படத்தை இயக்கினார்கள். ஹென்சன் என்றால் உலகத்துக்கு அப்போது 'மப்பெட்ஸ்'. சிரிக்க வைக்கும் தவளையும் பன்றியும்தான். அந்த மனிதர், ஓவியர் பிரையன் ஃபிரவுட்டின் வடிவங்களை வைத்து இருட்டான, சாவு நாற்றம் வீசும் ஒரு உலகத்தைக் காட்டியபோது பலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' அதே ஆண்டு வந்து எல்லோரையும் அழவைத்திருந்தது. அதன் பக்கத்தில் இந்தப் படம் குளிர்ந்துபோய் நின்றது. உலகம் பிரமாதம், கதை மெலிசு, நாயகனின் முகத்தில் உயிரில்லை என்பதே அப்போது வந்த விமர்சனங்களின் சாரம். வில்லன்களான ஸ்கெக்ஸிஸ் தங்களுக்கென்று உருவாக்கப்பட்ட மொழியில் பேசுவதாகத்தான் முதலில் படம் தயாரானது. சோதனைக் காட்சியில் பார்த்தவர்கள் முகம் சுளித்ததால் பிறகு ஆங்கிலத்தில் குரல் மாற்றினார்கள். பார்வையாளனின் எதிர்வினை ஒரு படைப்பின் நாக்கையே மாற்றிவிட்ட கதை அது. ஹென்சன் 1990-இல் இறந்துபோனார். படம் சாகவில்லை. வீடியோ கேசட் வழியாக வளர்ந்த ஒரு தலைமுறை அதைக் கொண்டாடத் தொடங்கியது.

அந்தப் படத்தில் கெல்ஃப்லிங் என்ற இனத்தில் மிஞ்சியிருப்பது இரண்டே பேர். மற்றவர்கள் அழிக்கப்பட்டுவிட்டார்கள். 2019 தொடர் அதற்கு முந்திய காலத்தைச் சொல்கிறது. திரா என்ற உலகத்தை, கழுகும் பல்லியும் கலந்தது மாதிரியான ஸ்கெக்ஸிஸ் பிரபுக்கள் ஆள்கிறார்கள். கெல்ஃப்லிங்குகள் ஏழு குலங்களாக வாழ்கிறார்கள். வரி கட்டுகிறார்கள், கோட்டைக்குக் காவல் நிற்கிறார்கள், பிரபுக்களைக் கும்பிடுகிறார்கள். தங்கள் ஆயுளை நீட்டிக்க, பிரபுக்கள் கெல்ஃப்லிங்கின் உயிர்ச்சாறை உறிஞ்சிக் குடிக்கத் தொடங்குகிறார்கள். காவல்வீரன் ரியான் தன் காதலி மீராவுக்கு அது நடப்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். இளவரசி பிரேயா, பாதாளத்தில் வாழும் குலத்துப் பெண் டீட் ஆகிய இருவரும் வேறு வேறு வழிகளில் அதே உண்மையை நோக்கி வருகிறார்கள். இவ்வளவுதான் கதை.

வந்த எதிர்வினைகளை நான் நான்காகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று, 'கையால செஞ்சிருக்காங்க பாருங்க' என்ற வியப்பு. இரண்டு, 'கெல்ஃப்லிங் முகம் அசையல, மரக்கட்டை மாதிரி இருக்கு' என்ற குறை. மூன்று, 'ஆரம்பத்துல ஒரே பேர் மயம், ஒன்னும் புரியல' என்பது. நான்கு, 'எல்லாரும் சாகப்போறாங்கன்னு தெரியும், அப்புறம் எதுக்குப் பார்க்கணும்' என்பது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். அது நியாயமான குறை. முதல் இரண்டு அத்தியாயங்களில் ஏழு குலம், பத்துக்கு மேற்பட்ட பிரபு, மூன்று நாயகர், அவரவர் தாய் தகப்பன் என்று பெயர்கள் கொட்டுகின்றன. நல்ல நாவலாசிரியன் ஒரு பாத்திரத்தை அறிமுகம் செய்ய ஒரு செயலைத் தேடுவான். இங்கே பல இடங்களில் ஒரு வசனத்தோடு விட்டுவிட்டார்கள். அதைத் தாண்டினால் மூன்றாவது அத்தியாயத்திலிருந்து கதை தானாக இழுத்துக்கொண்டு போகும்.

முதல் எதிர்வினைதான் எனக்குச் சிக்கலானதாகத் தெரிகிறது. பெரும்பாலான பாராட்டுகள் உழைப்பைப் பாராட்டின. எத்தனை பாவை, எத்தனை கை, எத்தனை நாள் என்ற கணக்கு. நெட்ஃபிளிக்ஸே 'தி கிரிஸ்டல் கால்ஸ்' என்று தயாரிப்பைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டது. ஒருவர் தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பாவையைப் பிடித்தபடி ஓடுகிறார், இன்னொருவர் தள்ளி நின்று கருவி மூலம் அதன் இமையை அசைக்கிறார். பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பு வேறு, கலை வேறு. நம்ம ஊர் நூல் வெளியீடுகளில் 'ரொம்ப சிரமப்பட்டு எழுதியிருக்கார்' என்று மேடையில் சொல்வோமே, அதே பாராட்டுதான் இது. சிரமப்பட்டார் சரி, நாவல் எப்படி இருக்கிறது என்ற கேள்வியை அந்தப் பாராட்டு மூடிவிடுகிறது. பாவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், கணினி உருவத்தால் முடியாத எதைப் பாவை செய்கிறது என்று கேட்ட விமர்சனங்கள் கொஞ்சம்தான்.

அந்தக் கேள்விக்கான பதில் இரண்டாவது எதிர்வினைக்குள் ஒளிந்திருக்கிறது. முகம் அசையவில்லை என்கிறார்கள். சரி, கிளந்தான் வாயாங் கூலிட்டில் எந்த முகம் அசைகிறது? தோலில் வெட்டிய முகம், விளக்குக்கு முன்னால் நிற்கும் நிழல். கன்னியாகுமரிப் பக்கம் ஆடும் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார்களே, அவர்கள் உதட்டைச் சுழித்தா சிரிக்க வைத்தார்கள்? பாவையின் முகத்தில் இல்லாததைப் பார்க்கிறவன் போட்டு நிரப்புகிறான். குரல் தழுதழுக்கும்போது அந்த மரமுகம் அழுவதாக நமக்குத் தெரியும். கவிதையில் சொல்லாமல் விட்ட சொல்லை வாசகன் நிரப்புவது போலத்தான் இதுவும். முகம் அசையவில்லை என்று குறை சொல்கிறவர் சினிமா நடிகனின் குளோசப்பை எதிர்பார்த்து வந்திருக்கிறார்.

ஆனால் அந்தக் குறையில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்கெக்ஸிஸைப் பாருங்கள். சேம்பர்லைன் என்ற அந்தச் சூழ்ச்சிக்காரன் மூக்கால் முனகிக்கொண்டு கழுத்தைச் சாய்க்கும்போது திரை முழுவதும் அவன்தான். பேரரசன், விஞ்ஞானி, அவர்கள் சாப்பிடும் அந்த அசிங்கமான விருந்து எல்லாமே உயிரோடு இருக்கின்றன. காரணம், அவை மனித முகமாக நடிக்க முயலவில்லை. கெல்ஃப்லிங் மட்டும் அழகான மனிதக் குழந்தையைப் போல இருக்க முயல்கிறது. அந்த இடத்தில்தான் கண் உறுத்துகிறது. பாவை பாவையாக இருக்கும்வரை நாம் நம்புகிறோம். மனிதனாகப் பாசாங்கு செய்தால் சந்தேகப்படுகிறோம்.

இன்னொரு விஷயத்தை ஆங்கில விமர்சனங்கள் அதிகம் பேசவில்லை. இந்தத் தொடரில் பெரும்பாலான பாத்திரங்களுக்குக் கை ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. டீட் பாவையை ஆட்டியவர் பெக்கி ஹென்டர்சன். குரல் கொடுத்தவர் நத்தலி இம்மானுவேல். பிரேயாவை ஆட்டியவர் ஆலிஸ் டினியன். குரல் ஆன்யா டெய்லர்-ஜாய். விளம்பரத்தில் யார் பெயர் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டியவர்களின் உடலைக் கணினியில் அழித்தார்கள், விளம்பரத்தில் பெயரையும் கீழே தள்ளினார்கள். வாயாங் கூலிட்டில் டாலாங் என்ற ஒரே மனிதர் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசி, இசைக்குழுவையும் வழிநடத்துவார். ராமனின் குரலும் ராவணனின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வரும். எதிரிகள் இருவரும் ஒரே மனிதருக்குள் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஸ்கெக்ஸிஸும் சாந்தமான மிஸ்டிக்குகளும் ஒரே உயிர் இரண்டாகப் பிளந்து உண்டானவர்கள் என்பதுதான் 'டார்க் கிரிஸ்டல்' கதையின் மையம். ஒரு டாலாங்கிடம் கொடுத்திருந்தால் அதை விளக்க வசனமே தேவைப்பட்டிருக்காது.

இது வெறும் கற்பனை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தின்டோய் சுவோ என்ற மலேசியக் கலைஞர், டாலாங் பாக் டாய்னுடன் சேர்ந்து 'ஸ்டார் வார்ஸ்' கதையை 'பெப்பராஙான் பிந்தாங்' என்று வாயாங் கூலிட்டாக ஆக்கினார். டார்த் வேடர் அங்கே சங்கலா வேடே. லூக் ஸ்கைவாக்கர் பெரந்தாவ் லாஙிட். சிரிப்பதற்கான சரக்கு என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. மகாராஜா வானா, அதாவது நம்ம ராவணன், பெயரால் கதை வழங்கும் மேடையில் வேடர் வந்து நின்றபோது அவன் புதியவனாகவே தெரியவில்லை.

இனி நான்காவது எதிர்வினை. முடிவு தெரிந்துவிட்டதே என்ற புலம்பல். முன்கதையாக எடுக்கப்படும் எல்லாப் படைப்புகள் மீதும் இந்தக் குறை வைக்கப்படுகிறது. கூத்து பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு இந்தக் குறை விளங்கவே விளங்காது. பதினெட்டாம் நாள் துரியோதனன் சாவான் என்று தெரியாமலா விடியவிடியக் கூத்துப் பார்த்தார்கள்? 'அடுத்து என்ன' என்ற ஆவல் அங்கே கிடையாது. 'இவன் தப்பித்திருக்கக்கூடிய இடம் எது' என்ற வேதனைதான் ஆட்களை உட்கார வைக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைத் திறக்கும் மலேசியத் தமிழனுக்கு 1942, 43-இல் அந்தத் தண்டவாளத்தில் என்ன நடந்தது என்று தெரியும். தலைப்பிலேயே மரணம் இருக்கிறது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' வாசிக்கும் நமக்கு இன்று அந்தத் தோட்டங்கள் பலவும் இல்லை என்று தெரியும். தோட்டத்தைப் பற்றி நாம் எழுதும் எல்லாக் கதையும் ஒரு வகையில் முன்கதைதான். இடிந்த லயத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அது இடியாமல் இருந்த நாளைச் சொல்கிறோம்.

அந்தக் கோணத்தில் பார்த்தால் தொடரின் உண்மையான பலவீனம் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. ஒன்பது அத்தியாயம் அழிவின் நிழலில் நடந்த கதை, பத்தாவதில் வழக்கமான போர்க்காட்சியாக மாறி, வெற்றி முழக்கத்தோடு நிற்கிறது. பிறகு அவசரமாக, அழிவு வரப்போகிறது என்பதற்கு ஒரு குறிப்பைக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் பருவம் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. அது வராமல் போனதால், அழிக்கப்பட்ட இனத்தின் கதை வெற்றியோடு நின்றுபோன விசித்திரம் நடந்துவிட்டது. முடிவு தெரிந்துவிட்டதே என்று புலம்பியவர்களுக்கு அந்த முடிவை நிறுவனமே வெட்டிவிட்டது.

எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் வீட்டில் இந்தத் தொடருக்குக் கிடைத்த எதிர்வினையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயது அக்கா மகன் முதல் அத்தியாயத்திலேயே எழுந்து போய்விட்டான். 'மாமா, அந்தக் கழுகு ராத்திரி வரும்' என்றான். சிறுவர் நிகழ்ச்சிக்கான விருது கொடுத்தவர்கள் எந்தச் சிறுவர்களைக் கேட்டார்களோ! கித்தா மரம் வெட்டி வளர்ந்த பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது. மீராவின் உயிர்ச்சாறு சொட்டுச் சொட்டாகக் குப்பியில் இறங்கும் காட்சி வந்தது. 'மங்குல புடிக்கிறானுவ பாரு' என்றார். அவ்வளவுதான். மறுபடி கீரைக்குத் திரும்பிவிட்டார்.

நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் அந்த வரி இல்லை. மரத்தைச் சீவி, பால் வடிய விட்டு, மங்கில் பிடித்து, கடல் தாண்டி அனுப்பிய ஒரு வட்டாரத்துக்காரர் கண்ணுக்குத்தான் அது தெரியும். அதன்பின் தொடரை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். பிரபுக்களை விடப் பிரபுக்களின் வாசலில் காவல் நிற்கும் கெல்ஃப்லிங்குகள் என்னை அதிகம் தொந்தரவு செய்தார்கள். ரியானின் தகப்பன் காவல்படைத் தலைவன். மகன் சொல்லும் உண்மையைவிடப் பிரபுக்களின் சொல்லை நம்புகிறவன். துரைக்கும் லயத்துக்கும் நடுவில் நின்ற கங்காணியை, மண்டோரை நாம் நாவல்களில் பார்த்திருக்கிறோம். அங்கே அவன் பெரும்பாலும் வெறும் வில்லன். இங்கே அவனுக்கு விசுவாசம் என்ற நோய் இருக்கிறது, மகன் மீது பாசமும் இருக்கிறது.

இன்னொன்று. கெல்ஃப்லிங்குகள் கையைப் பிடித்துக்கொண்டால் ஒருவர் நினைவை இன்னொருவர் பார்க்க முடியும். உண்மை பரவ அதுதான் வழி. அதனால் பிரபுக்கள் ஒரு வதந்தியைக் கிளப்புகிறார்கள்: ரியானின் மனம் நோய்ப்பட்டது, அவனைத் தொட்டால் உங்களுக்கும் ஒட்டும். தொடாதே என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு இனத்தையே பிரித்து வைக்க முடிகிறது. இதற்குத் தமிழில் விளக்கம் எழுதத் தேவையில்லை.

அடுத்தது போட்லிங்குகள். கெல்ஃப்லிங்குக்கும் கீழே இருப்பவர்கள். அழுக்கானவர்கள், பேசத் தெரியாதவர்கள் என்று கருதப்படுபவர்கள். இளவரசி பிரேயாவுக்குத் தண்டனையாகக் கிடைப்பது போட்லிங்குகளைக் குளிப்பாட்டும் வேலை. உறிஞ்சப்படுகிற இனமே தனக்குக் கீழே ஒரு இனத்தை வைத்திருக்கிறது. ஹப் என்ற போட்லிங் கையில் மரக்கரண்டியோடு வீரனாக அலைவது சிரிப்புக் காட்சி மாதிரி தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடிக்கிறது. எங்கள் பக்கம் கித்தா போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. குலை வெட்டுகிறவர்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தான் நிறைய. அவர்களைப் பற்றி நம் வீடுகளில் என்ன மாதிரிப் பேசுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். நம் பாட்டன்களைப் பற்றி ஒரு காலத்தில் மற்றவர்கள் பேசிய அதே வார்த்தைகள். தோட்டத்தின் துயரத்தை எழுதிய நம் இலக்கியத்தில் இந்த மனிதன் எத்தனை கதையில் பெயரோடு வருகிறான்? நான் வாசித்தவரை மிகக் குறைவு. பாவைத் தொடர் ஒன்று நம்மிடம் கேட்டுவிட்டுப் போகும் கேள்வி இது.

கடைசியாக, பார்வையாளர் இல்லாமல் போவது பற்றி. கேரளத்தில் பாலக்காடு வட்டாரத்துப் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. கூத்துமாடத்தில் 21 விளக்குகள். பாடுவது கம்பனின் பாட்டு, அதாவது நம் தமிழ். தாருகனை வதம் செய்யப் போயிருந்ததால் காளியால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் ஆண்டுதோறும் அவளுக்காக ஆடிக் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். முன்னால் மனிதர் ஒருவருமே இல்லாத இரவுகளிலும் ஆட்டம் நிற்காது. இதை ஆராய்ந்து 1996-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பார்வையாளர் இல்லாததால் திரைக்குப் பின்னால் புலவர்கள் ஒருவரோடொருவர் உரையாடத் தொடங்கி, அந்த உரையாடலே கலையாக வளர்ந்ததைக் காட்டுகிறார்.

இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது, ஆனால் முழு ஆறுதல் இல்லை. அந்தக் கூத்துக்குப் பின்னால் ஒரு கோயில் இருக்கிறது, நேர்ச்சை கொடுக்கும் ஊர் இருக்கிறது. கிளந்தானில் 1990-க்குப் பிறகு பாஸ் கட்சி ஆட்சியில் வாயாங் கூலிட்டுக்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தபோது பார்க்க ஆள் இருந்தார்கள், ஆட அனுமதி இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தொடருக்குப் பார்க்க ஆளும் இருந்தார்கள், விருதும் இருந்தது, செலவுக்கேற்ற எண்ணிக்கை இருந்ததா என்று பார்த்த கணக்குத்தான் வேறு மாதிரி வந்திருக்க வேண்டும். நூறு பிரதி விற்கும் சிற்றிதழை நடத்துகிறவர்களுக்கு இந்த மூன்று நிலைமையும் பழக்கமானவையே.

ஏழாவது அத்தியாயத்தில் ஒரு இடம். உலகத்தின் உண்மை வரலாற்றைச் சொல்ல வேண்டும். துரோகி என்று விரட்டப்பட்ட ஒரு ஸ்கெக்ஸிஸும் அவனுடைய மறுபாதியான மிஸ்டிக்கும் பாலைவனத்தில் ஒதுங்கி வாழ்கிறார்கள். தேடி வந்த நாலைந்து பேருக்கு அவர்கள் அதைச் சொல்லும் விதம், ஒரு பாவைக்கூத்து. பாவைகள் உட்கார்ந்து பாவைகளின் ஆட்டத்தைப் பார்க்கின்றன. தொடரில் என்னை அதிகம் கவர்ந்த பத்து நிமிடம் அதுதான். பார்க்காதவர்கள் முதல் இரண்டு அத்தியாயத்தைப் பொறுத்துக்கொண்டு அதுவரைக்குமாவது போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லாமல், உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.